கழிச்சலுக்கு ஒரே கைமருந்தா?

மன்னார்த் தீவின் பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும், பெருநிலப் பக்கத்தில் வங்காலையிலும் முருங்கனிலும், சமயபேதமோ ஊர்பேதமோ இன்றிக் கோழி வளர்ப்போரிடையே வேரூன்றிப்போன அபிப்பிராயம் ஒன்று உண்டு. குஞ்சு கழிந்தால் சின்ன வெங்காயத்தையும் மஞ்சளையும் அரைத்து உருட்டி வாயில் இட வேண்டும்; கேளாவிட்டால் வேப்பங்கொழுந்து; அதற்கும் கேளாவிட்டால் குஞ்சின் ஆயுள் அவ்வளவுதான் என்பதே அது. மஞ்சளையும் வேம்பையும் இகழ்வது என் நோக்கமன்று. ஆனால் கழிச்சல்கள் யாவும் ஒரே வியாதி என்றும், அதற்கு ஒரே பரிகாரம் உண்டென்றும் கொண்ட நம்பிக்கை இக்கரையோரக் கூடுகளை வெறுமையாக்கி வருகிறது என்பதே என் குற்றச்சாட்டு.

பொரித்த சில நாட்களில் குஞ்சின் பின்துவாரத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்து வழியை அடைப்பது பெரும்பாலும் குளிராலும் ஒவ்வாத தீனியாலும் நேர்வது. முட்டை வழியாகவே தாயிடமிருந்து இறங்கும் புல்லோரம் என்னும் பக்டீரியா நோயிலும் குஞ்சு வெள்ளையாகவே கழிகிறது. அதில் தப்பிய குஞ்சு வளர்ந்து, தான் இடும் முட்டையினூடே அதே நோயைத் தன் சந்ததிக்குக் கையளிக்கக்கூடும். மூன்றாம் வாரத்துக்கும் ஆறாம் வாரத்துக்கும் இடையே பெரிதும் காணும் இரத்தக் கழிச்சலோ, கொக்சிடியா என்னும் நுண்ணுயிர் குடற்சுவரினுள் புகுந்து பெருகுவதால் வருவது. எச்சத்தில் இரத்தம் தென்படும்போது குடல் ஏற்கெனவே புண்பட்டுவிட்டது. 1926இல் ஜாவாவிலும் 1927இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் அடையாளங் காணப்பட்டு, பின்னர் இந்தியாவின் ராணிக்கெட் ஊர்ப் பெயரால் நம்மிடையே வழங்கிவரும் கொள்ளை நோய், பச்சையும் வெள்ளையுமாகக் கழியச் செய்து கழுத்தையும் திருகிவிடுகிறது. அது வைரசினால் வருவதாகையால், வந்தபின் தீர்க்கும் ஔஷதம் அம்மியிலும் இல்லை, ஆஸ்பத்திரியிலும் இல்லை. இந்நான்குக்கும் ஒரே உருண்டை போதும் என்பது எந்த நியாயத்துக்கு அடுக்கும்?

"கொடுத்தேன், பிழைத்தது, என் ஆச்சியும் கொடுத்தா, பிழைத்தது" என்பார்கள். ஆச்சியின் குஞ்சுக்குக் கரப்பினுள்ளே ஒரு தாய்க்கோழி இருந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். முதல் வாரத்தில் குஞ்சுக்கு வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ். வாரத்துக்கு மூன்று பாகை வீதமே அதைக் குறைக்கலாம். அந்த வெப்பத்தைத் தாயின் இறகு இரவு முழுவதும் அளித்தது. பெயரை மஞ்சள் தட்டிக்கொண்டது. போருக்குப் பின் வாழ்வாதார உதவியாகவும் விலைக்கும் வந்து சேரும் ஒருநாட் குஞ்சுகளுக்குத் தாயுமில்லை, இறகுமில்லை. மட்டைப்பெட்டிக்குள் வாடைக்காற்றில் விறைக்கும் அவற்றுக்கு, நமக்கு இதமான 25 பாகையே கொடுங்குளிர். அங்கே ஆச்சியின் உருண்டையை மட்டும் பிரயோகித்து, ஆச்சியின் கோழியை விட்டுவிடுவது பாதி வைத்தியமும் ஆகாது.

இம்மண்ணுக்கே உரிய காரணங்களும் உண்டு. உவர்க்கிணற்று நீரையும் கருவாட்டுக் கழிவையும் குஞ்சுக்கு வைத்துவிட்டு, அது தண்ணீராகக் கழிகிறதே என்று மருந்து தேடுகிறோம். மிகுந்த உப்பை வெளியேற்றும் வல்லமை இளங்குஞ்சின் சிறுநீரகத்துக்கு இல்லை; ஆதலின் நல்ல தண்ணீரே அங்கே முதல் சிகிச்சை. ஐப்பசி கார்த்திகை மழையில் கூட்டின் தரை நனைந்தால், எச்சத்தோடு விழுந்த கொக்சிடியா முட்டைகள் ஏறத்தாழ இரண்டு நாட்களில் நோய் பரப்பும் பக்குவம் அடைகின்றன. ஈரமான உமியை அள்ளி எறியாமல் வேப்பிலை அரைப்பவர், வாசலைத் திறந்து வைத்துவிட்டுக் கள்வனைச் சபிப்பவரை ஒப்பார்.

மருந்து பலிக்காவிட்டாலும் கெடுதி செய்யாதே என்பார்க்கும் விடையுண்டு. மூச்சுக்குழலின் வாய் நாவின் அடியிலேயே திறந்திருப்பதால், அலகைப் பிளந்து ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிக் குஞ்சை மாய்க்கக்கூடும். மனிதருக்குரிய அன்டிபயோட்டிக் குளிசையை உடைத்து நீரில் கலக்கும் நவீன கைவைத்தியமும் இதே அஞ்ஞானத்தின் மறுவடிவமே; வைரசுக்கு அது செல்லாது. இவற்றிலும் பெரிய நஷ்டம் காலம். இரத்தக் கழிச்சலுக்கு அம்புரோலியம் என்னும் மருந்தை உரிய அளவில் குடிநீரில் கலந்து வேளையோடு கொடுத்தால் பல குஞ்சுகள் தப்பும். கைமருந்தை மாற்றி மாற்றிப் பரீட்சிக்கும் வீட்டில் அந்த வேளை கடந்துபோகிறது.

ஏழைக்கு வைத்தியச் செலவு எட்டாது என்ற ஆட்சேபத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. எனினும் பயனுள்ள பரிகாரங்களிற் பல செலவற்றவையே: அடைத்த எச்சத்தை வெந்நீரில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்து ஈரத்தை ஒற்றியெடுப்பது, மின்குமிழோ அடைக்கோழியோ கொண்டு சூடு காப்பது, உமியை உலர்வாக வைப்பது, நோயுற்றதைப் பிரித்து விடுவது. ராணிக்கெட் தடுப்பு மருந்தைக் கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் நம் நாட்டிலேயே தயாரிக்கிறது. ஆகவே குஞ்சு வாங்கும் நாளிலேயே பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் தடுப்பு மருந்துக்குக் கேளுங்கள். எச்சத்தில் இரத்தம் கண்டால் மறுநாளைக்கு ஒத்திவையாமல் அதே அலுவலகத்துக்குச் செல்லுங்கள். மஞ்சளையும் வெங்காயத்தையும் கறிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.