இல்லறக் குறிப்புகள்: மலைவழிக்கு ஏற்ற அடுப்பு



குருகிராமத்திலிருந்து சகோதரி ஒருவர் எழுதிய மடல் இரண்டு வாரமாக என் மேசைமீது இருக்கிறது. வரும் செப்டம்பரில் கணவர், இரு குழந்தைகள், மாமனார் ஆகியோருடன் சொந்தக் காரிலேயே மணாலி வழியாக லே நகருக்குச் செல்லத் திட்டமிட்டிருக்கின்றனராம். "வழியில் கிடைப்பவை பராத்தாவும் மேகியுமே. குழந்தைகளுக்கு ஒருவேளையேனும் ரசஞ்சோறு கொடுக்க விரும்புகிறேன். கூடாரமும் உடன் கொண்டு செல்கிறோம். எண்ணெயில் எரியும் அடுப்பு வாங்கலாமா? எதை வாங்குவது, ஐயா?" என வினவியுள்ளார். மடலின் அடியில் அவருடைய மாமனார் தம் கைப்பட ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "பழைய பம்ப் ஸ்டவ் ஒன்று பரணில் உள்ளது. அதில் பெட்ரோல் ஊற்றி எரிக்கலாமென்று என் மகன் சொல்கிறான். தங்கள் கருத்து யாது?"

அந்த ஒரு வரியைக் கண்டிராவிட்டால் இம்மாதம் வேறொரு பொருளைப் பற்றி எழுதியிருப்பேன். முதற்கண் அதற்கே விடை கூறிவிடுகிறேன். கூடாது, ஒருபொழுதும் கூடாது. காரணத்தைச் சற்றுப் பின்னர் விரித்துரைப்பேன்.

எல்லாப் பயணத்திற்கும் எண்ணெய் அடுப்பு வேண்டுமென்பதில்லை. இருஷிகேசத்திற்கோ லான்ஸ்டவுனுக்கோ இரண்டு நாள் சென்று வருவோருக்கு 5 கிலோ எரிவாயுச் சிலிண்டரும் சிறிய அடுப்பும் போதும். பற்றவைப்பதும் எளிது, பாத்திரத்தில் கரியும் படியாது. ஆனால், லே செல்லும் வழி அத்தகையதன்று. சமையல் எரிவாயு என்பது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டின் கலவை. இவற்றுள் பியூட்டேன், குளிர் சுழி டிகிரியை நெருங்கும்பொழுதே ஆவியாக மறுத்துவிடும். மலையேறுவோர் வாங்கும் சிறு கேஸ் டப்பாக்களில் பியூட்டேன் மிகுதியாக இருக்குமாயின், விடியற்காலையில் அடுப்பு மினுக்மினுக்கென்று எரிந்து நம் பொறுமையைச் சோதிக்கும். சர்ச்சுவில் செப்டம்பர் இரவுகள் சுழிக்குக் கீழே செல்வது வழக்கமே. எண்ணெய் அடுப்பிலோ அழுத்தத்தை உண்டாக்குவது நம் கை. குளிர் எவ்வளவாயினும் பம்ப் செய்தால் எண்ணெய் மேலேறும். ஸ்டாக்ஹோம் நகரில் 1892-இல் தோன்றிய பிரைமஸ் அடுப்பை, 1911-இல் தென்துருவத்தை அடைந்த அமுன்சென் குழுவினர் உடன்கொண்டு சென்றதற்கும் இதுவே காரணம்.

நம் பாட்டிமார் சமையலறைகளில் இரைந்துகொண்டிருந்த பம்ப் ஸ்டவ் இந்தப் பிரைமஸின் வழித்தோன்றலே. பித்தளைத் தொட்டியில் மண்ணெண்ணெய். பக்கத்தில் ஒரு பம்ப். தொட்டியின் வாயருகே காற்றை வெளிவிடும் திருகு. பம்ப் செய்த காற்று எண்ணெயைக் குழாய் வழியே மேலே தள்ளும். சூடேறிய பர்னரில் எண்ணெய் ஆவியாகி, நிப்பிளின் ஊசிமுனைத் துளையால் சீறி வெளிவந்து, காற்றுடன் கலந்து நீலச் சுடராக எரியும். பர்னர் முதலில் சூடாக வேண்டுமென்பதற்காகவே கீழுள்ள சிறு கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைக்கிறோம்.

இவ்வடுப்பில் சுடரை அடைக்கும் குழாய்த்திருகு கிடையாது என்பதைக் கவனியுங்கள். அணைக்க வேண்டுமாயின் காற்றுத் திருகைத் திறக்கிறோம். தொட்டியிலுள்ள காற்று எண்ணெய் மணத்துடன் சுடருக்கு ஒரு சாண் தொலைவிலேயே வெளிப்படுகிறது. மண்ணெண்ணெய் 35 டிகிரிக்கு மேல் சூடானால்தான் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும். ஆதலின் நமக்குத் தீங்கு நேர்வதில்லை. பெட்ரோலோ சுழிக்குக் கீழே 40 டிகிரி அளவிலேயே பற்றும் ஆவியை விடக்கூடியது. அதனை இத்தொட்டியில் நிரப்பினால், மேலே எரியும் சுடரின் வெப்பத்தில் தொட்டி சூடாகி, நாம் பம்ப் செய்யாமலேயே உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அஞ்சி அணைக்க முயன்று திருகைத் திறந்தாலோ, பெட்ரோல் ஆவி நேரே சுடரின் மீது பாயும். திறவாவிடினும் தீங்கு, திறந்தாலும் தீங்கு. சகோதரியின் மாமனார் அவர்களே, தங்கள் மகனிடம் இதைக் கனிவாகவும் உறுதியாகவும் எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன். மண்ணெண்ணெயில் சிறிதளவு பெட்ரோல் கலந்துகொள்ளலாம் என்பாரும் உளர். அதுவும் கூடாது.

இனி, எதை வாங்குவது? அடுப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் எரிபொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தில்லி 2014-இல் மண்ணெண்ணெய் இல்லா நகரமாக அறிவிக்கப்பட்டது. பங்கீட்டுக் கடையில் அட்டைக்கு வாங்கிய காலம் போய்விட்டது. மானியமில்லாத வெள்ளை மண்ணெண்ணெயைச் சில வணிகர்கள் அடைத்த கலங்களில் விற்கின்றனர். விலை கூடுதலே, எனினும் ஒரு பயணத்திற்கு வேண்டுவது சிறிதளவே. நால்வர்க்கு இரு வேளைச் சமையலும் தேநீரும் ஆக, நாளொன்றுக்கு அரை லிட்டர் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. புறப்படுமுன் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் தேடலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

பெட்ரோல் எங்கும் கிடைக்கும் என்று தோன்றும். லாகூலில் தாண்டி என்னுமிடத்துப் பம்பில், அடுத்த பம்ப் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என எழுதியிருந்த பலகை புகழ்பெற்றது. அங்குத் தொட்டியை நிரப்பாமல் செல்வார் இலர். ஆயினும் பிளாஸ்டிக் புட்டியை நீட்டினால் பம்புகளில் ஊற்ற மறுப்பார்கள்; மறுப்பதே முறை. பெட்ரோலை வைத்துக்கொள்ளும் சிறு கலம் கண்ணாடி, பீங்கான், உலோகம் இவற்றுள் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பது 1934-ஆம் ஆண்டுச் சட்டம். மேலும், நம் நாட்டுப் பெட்ரோலில் இப்பொழுது ஈத்தனாலும் வேறு பல சேர்மானங்களும் உண்டு. இவை நாளடைவில் நுண்துளையை அடைக்கும், ரப்பர் வளையங்களையும் கெடுக்கும். அமெரிக்கர் முகாம்களில் எரிக்கும் சேர்மானமற்ற 'ஒயிட் கேஸ்' நம் கடைத்தெருவில் எளிதிற் கிடைப்பதன்று.

பெட்ரோலையே நம்பிச் செல்ல விரும்புவோர், அதற்கென்றே செய்யப்பட்ட அடுப்பை வாங்க வேண்டும். எம்.எஸ்.ஆர்., ஆப்டிமஸ் முதலியோர் செய்யும் பல எரிபொருள் அடுப்புகளில் எண்ணெய்ப் புட்டி, சுடரிலிருந்து விலகி, நீண்ட குழாயின் மறுமுனையில் இருக்கும். அடைப்பதற்குத் திருகும் உண்டு. அவற்றுள் சிலவற்றில் மண்ணெண்ணெய்க்கு ஒரு நிப்பிளும் பெட்ரோலுக்கு மற்றொன்றுமாக மாற்றிக்கொள்ள வேண்டும். கோல்மன் நிறுவனத்தின் இரட்டை எரிபொருள் அடுப்பு என்பதில் 'இரட்டை' என்றது அவர்களுடைய சொந்த எரிபொருளையும் பெட்ரோலையுமே, மண்ணெண்ணெயை அன்று. வாங்குமுன் இதைக் கேட்டுத் தெளிக. இவை யாவும் விலை மிகுந்தவை. ஒரே பயணத்திற்காக வாங்குவது வீண்செலவு என்பது என் துணிபு.

ஆகவே, பரணிலுள்ள பம்ப் ஸ்டவ்வே போதும், மண்ணெண்ணெய் ஊற்றுவதாயின். இறக்கித் துடைத்துப் பாருங்கள். பம்பினுள் உள்ள தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊறவைத்தால் பிடிக்கும், இல்லையேல் மாற்றிவிடலாம். எண்ணெய் ஊற்றிப் பம்ப் செய்து, பற்றவையாமலே, பற்றுவைத்த இடங்களிலெல்லாம் சோப்பு நீர் தடவுங்கள். ஒரு குமிழி தோன்றினாலும் அந்த அடுப்பு பயணத்திற்கு ஆகாது. ஸ்டவ் பின் நான்கைந்தும், ஒரு நிப்பிளும் உபரியாக எடுத்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு முன் வீட்டு மாடித் திறந்தவெளியில் மூன்று முறையேனும் சமைத்துப் பழகுதல் நலம்.

பற்றவைக்கும் முறையைச் சுருங்கச் சொல்கிறேன். தொட்டியில் முக்கால் பங்குக்கு மேல் எண்ணெய் வேண்டா. காற்றுத் திருகைத் திறந்து வைத்துவிட்டு ஸ்பிரிட்டைப் பற்றவையுங்கள். அது எரிந்து தீரும் தறுவாயில் திருகை மூடி, மெல்ல நாலைந்து முறை பம்ப் செய்யுங்கள். நீலச்சுடர் வந்தால் நன்று. மஞ்சளாகக் கொழுந்துவிட்டு எண்ணெய் தெறித்தால் பர்னர் சூடாகவில்லை என்று பொருள். உடனே திருகைத் திறந்து அணைத்து, ஆறவிட்டு, முதலிலிருந்து தொடங்குக. குளிர்ந்த மலையில் ஸ்பிரிட் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படும். சூடான கிண்ணத்தில் மறுபடியும் ஸ்பிரிட் ஊற்றுவது மிகப் பெரும் பிழை. பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று எண்ணி ஊற்றுவோர் கையிலுள்ள புட்டியே பற்றிக்கொள்ளும். எரியும் அடுப்பிலோ சூடான அடுப்பிலோ எண்ணெய் நிரப்புவதும் அத்தகையதே. காற்றைத் தடுக்கத் தகரம் வைக்கலாம். தொட்டியைச் சுற்றி வளைத்து மூடலாகாது. நைலான் துப்பட்டாவும் நைலான் கூடாரமும் அடுப்பருகே வேண்டா. எண்ணெய்த் தீயில் நீர் ஊற்றாதீர்கள். ஒரு வாளி மணலோ, காரில் வைக்கும் தீயணைப்பானோ அருகில் இருக்கட்டும்.

இவ்வளவும் அறிந்திருந்த நான் செய்த தவற்றையும் சொல்லியாக வேண்டும். 2022 செப்டம்பரில் நாங்கள் ஜிஸ்பாவில், பாகா ஆற்றங்கரையில், கூடாரமடித்திருந்தோம். என் துணைவியார், எழுபத்துநான்கு வயதுடைய மாமியார், ஏழு வயதுப் பேரன், நான். மாலையிலிருந்தே மழை. வெளியே சமைக்க இயலாமல் அடுப்பைக் கூடாரத்துக்குள் கொணர்ந்தேன். கிச்சடி இறக்கிய பிறகும், குழந்தைக்குக் கதகதப்பாக இருக்கட்டுமென்று சுடரைக் குறைத்து எரியவிட்டேன். சாரல் அடித்ததால் வாயிலையும் பாதிக்குமேல் மூடிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் எனக்குத் தலை கனத்தது. துணைவியார் குமட்டுகிறது என்றார். பேரன் பேச்சின்றித் துவண்டு கிடந்தான். ஜிஸ்பா ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்தில் உள்ளது; ஆகவே, "உயரத்தால் வரும் மலைநோய்தான், படுத்தால் சரியாகிவிடும்" என்றேன்.

வாயிலோரம் போர்வைக்குள் அமர்ந்திருந்த மாமியார் கேட்டார்: "மாப்பிள்ளை, மலைநோய் என்றால் கிழவியாகிய எனக்கல்லவா முதலில் வரவேண்டும்? காற்றுப்படும் இடத்தில் இருக்கிற எனக்கு ஒன்றுமில்லையே! கரோல் பாகில் குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அங்கீட்டி மூட்டினவர்கள் காலையில் எழுந்திராமற்போனதைப் பார்த்தவள் நான். அடுப்பை அணைத்துவிட்டுக் குழந்தையை வெளியே தூக்கிக்கொண்டு வாருங்கள்."

மழையில் நனைந்தபடி வெளியே நின்றோம். பிறகு, சன்னல்களை இறக்கிய காரில் அமர்ந்தோம். சுமார் அரைமணி நேரத்தில் பேரன் தண்ணீர் கேட்டான். அவன் குரலைக் கேட்ட பிறகே எனக்குக் கால் நடுங்கத் தொடங்கியது. மறுநாட்காலை கேலாங்கில் மருத்துவரிடம் காட்டிய பின்னரே மேலே சென்றோம்.

எரியும் எந்த அடுப்பும், காற்றுப் போதாத இடத்தில், கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவை உண்டாக்கும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. இரத்தத்தில் உயிர்வளி சேரவேண்டிய இடத்தை, அதனினும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் அது கவர்ந்துகொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கம் ஆகிய அடையாளங்கள் மலைநோய்க்கும் உரியவை. இதனாலேயே உயரமான இடங்களில் நாம் எளிதில் ஏமாறுகிறோம். கூடாரத்திலுள்ள பலருக்கும் ஒரே வேளையில் தலைவலி வந்து, வெளியே வந்ததும் தணியுமாயின் அடுப்பையே ஐயுறுங்கள். எரிவாயு அடுப்புக்கும் இது பொருந்தும். மழை வந்தால், நான்கு புறமும் திறந்த தார்ப்பாயைக் கூடாரத்திலிருந்து விலக்கிக் கட்டி, அதன்கீழ்ச் சமையுங்கள்; இயலாவிட்டால் அன்றிரவு அவலும் தயிரும் உண்டு உறங்குங்கள். கதகதப்புக்குப் போர்வை உண்டு.

சமையலைப் பற்றிச் சிறிது. சர்ச்சு 4,200 மீட்டருக்கு மேற்பட்டது. அங்குத் தண்ணீர் 86 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது. மூன்று லிட்டர்ப் பிரஷர் குக்கர் இன்றியமையாதது. துவரம்பருப்பைவிடப் பாசிப்பருப்பு எளிது. உயரமான குக்கர் முக்காலி அடுப்பின்மீது தள்ளாடும். ஒரு பலகையை மட்டமாக இட்டு அதன்மேல் அடுப்பை வையுங்கள். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் வீட்டிலேயே செய்து கொண்டுசெல்லலாம். குழந்தைகளின் ரசத்துக்குப் பொடி போதும்.

அவ்வளவு உயரத்தில் காப்பி டிக்காஷன் இறங்குமா என்றும் சகோதரி ஒரு மூலையில் கேட்டிருக்கிறார். தாராளமாக இறங்கும். பொடியை ஒரு கரண்டி கூட்டிப் போடுங்கள். கொதித்த நீரை ஆறவிடாமல் உடனே ஊற்றி, பில்டரைத் துண்டால் சுற்றி வைத்தால் போதும். ஜிஸ்பாவில் மறுநாட்காலை அடுப்பை ஆற்றங்கரை மணலில் வைத்து என் மாமியார் அவ்வாறே செய்தார்.