18 வயதில் ராணுவப் பதிவு கட்டாயமா? ஓசூர் பையன் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி

'18 வயது நிரம்பிய எல்லா ஆண்களும் ராணுவத்துக்குப் பெயர் பதிய வேண்டும்' என்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு உங்கள் குடும்ப குரூப்பில் வந்தால், தயங்காமல் டெலிட் பண்ணலாம். இந்தியாவில் அப்படி ஒரு பதிவு கிடையாது. 18 நிரம்பினால் வாக்காளர் பட்டியலில் சேர படிவம் 6 கொடுக்கலாம், ஓட்டுநர் உரிமம் எடுக்கலாம், சொந்தப் பெயரில் ஒப்பந்தம் போடலாம். பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்தே ஆகணும் என்று யாரும் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார்கள்.

விளக்கம் இவ்வளவுதான். ஆனால் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இருக்கும் ஒரு பிளஸ் டூ பையனுக்கு விஷயம் இதோடு முடியவில்லை. 'கட்டாயமா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று பதில் கிடைத்த பிறகு, 'விருப்பப்பட்டுப் போனால், நான்கு வருஷம் கழித்து என்ன?' என்று ஒரு கேள்வி வருகிறது. அதற்கு நம்மிடம் இருக்கும் பதில் அரைகுறைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசு நினைத்தால் கட்டாய சேவை கொண்டுவர முடியாதா? முடியும். கட்டாய உழைப்பைத் தடை செய்யும் அரசமைப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, அதன் இரண்டாவது உட்பிரிவில், பொது நோக்கத்துக்காக அரசு கட்டாய சேவையை விதிக்கலாம் என்கிறது. மதம், இனம், சாதி, வர்க்கம் பார்த்து மட்டும் பாகுபாடு காட்டக் கூடாது என்பது நிபந்தனை. 1972-ல் நாடாளுமன்றம் தேசிய சேவைச் சட்டம் என்றே ஒன்றை இயற்றியது. பொறியியல், மருத்துவம் போன்ற படிப்பு முடித்தவர்களைப் பதிவு செய்து தேசிய சேவைக்கு அழைக்க வழி செய்யும் சட்டம் அது.

வழி இருந்தும், சுதந்திர இந்தியா தன் ராணுவத்துக்கு யாரையும் கட்டாயப்படுத்தி ஆள் எடுத்ததில்லை. இரண்டாம் உலகப் போரிலேயே சுமார் 25 லட்சம் இந்தியர்கள் தாமாக வந்து சேர்ந்தார்கள். ஆள் பற்றாக்குறை இங்கே என்றுமே பிரச்சினையாக இருந்ததில்லை. ஒரு இடத்துக்கு வரிசையில் பல பேர் நிற்கும் நாட்டில் பட்டியல் போட்டு இழுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அது நல்லதுதான். கட்டாய ஆள்சேர்ப்பு என்றால் என்னவென்று தமிழர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஈழப் போரின் கடைசி ஆண்டுகளில் வன்னியில் 'வீட்டுக்கு ஒருவர்' என்ற பெயரில் புலிகள் பிள்ளைகளை அழைத்துச் சென்றதும், பெற்றோர் அவர்களை ஒளித்து வைத்ததும் ஆவணமாகவே இருக்கின்றன.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் கவனிக்க

ஓசூரிலிருந்து பெங்களூருக்கு ஐடி வேலைக்குப் போய், அங்கிருந்து சிங்கப்பூருக்கோ அமெரிக்காவுக்கோ போன குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு இந்தப் பதிவு வதந்தி இல்லை, நிஜம்.

சிங்கப்பூரில் 1967 முதல் தேசிய சேவை கட்டாயம். பதினாறரை வயதிலேயே பதிவு தொடங்கிவிடும். பிறகு இரண்டு ஆண்டு முழுநேர சேவை, அதன் பின் 40 வயது வரை (அதிகாரிகளுக்கு 50 வரை) ரிசர்வ் கடமை. குடியுரிமை பெற்றவர்களின் மகன்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பெற்றோர் மூலம் நிரந்தரவாசி ஆன மகனுக்கும் இது பொருந்தும். சேவை செய்யாமல் பிஆர்-ஐத் திருப்பிக் கொடுத்தால், பின்னாளில் அங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது எதிராகப் பேசும். மகனுக்கு பிஆர் எடுக்கும் நாளில் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

அமெரிக்காவில் 18 முதல் 25 வயது வரையிலான ஆண்கள் 'செலக்டிவ் சர்வீஸ்' பட்டியலில் இருந்தாக வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் இதில் அடக்கம். எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் முறைப்படி இருப்பவர்களுக்கு அவசியமில்லை. 1973-க்குப் பிறகு அங்கே யாரையும் கட்டாயமாகப் படைக்கு அழைக்கவில்லை. ஆனாலும் பட்டியலில் இல்லாதவருக்கு மத்திய அரசு வேலையும் குடியுரிமையும் சிக்கலாகலாம்.

இந்த இரண்டு நாடுகளிலும் கவனிக்க வேண்டிய இன்னொரு பக்கம் உண்டு. இளைஞனிடம் கேட்கும் அரசு, பதிலுக்கு முதலாளியிடமும் கேட்கிறது. சிங்கப்பூரில் ரிசர்வ் பயிற்சிக்கு அழைப்பு வந்தால் நிறுவனம் ஆளை விட்டே ஆக வேண்டும், குறையும் சம்பளத்தை அரசு ஈடுகட்டுகிறது. அமெரிக்காவில் 1994-ல் வந்த ஒரு சட்டப்படி, வேலையை விட்டு ராணுவப் பணிக்குப் போனவர் பொதுவாக ஐந்து ஆண்டுக்குள் திரும்பினால், பழைய நிறுவனம் வேலையைத் திருப்பித் தர வேண்டும். இடையில் கிடைத்திருக்க வேண்டிய உயர்வையும் சேர்த்துத்தான்.

நம்ம ஊரில் நிலைமை என்ன?

அக்னிவீர்: கையில் என்ன வரும்?

2022 ஜூன் 14-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம்தான் இப்போது முப்படைகளிலும் சாதாரண வீரராகச் சேர வழி. பதினேழரை வயதில் வாசல் திறக்கிறது. பணி நான்கு ஆண்டு. முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், நான்காம் ஆண்டு 40,000. இதில் 30 சதவீதம் பிடித்தம், அதனால் முதல் ஆண்டு கையில் வருவது 21,000. பிடித்த தொகைக்குச் சமமாக அரசும் போடுகிறது. இரண்டு பங்கும் சேர்ந்து 10.04 லட்சம், வட்டியோடு சுமார் 11.71 லட்சம் என்று கணக்குச் சொன்னார்கள். இந்த 'சேவா நிதி'க்கு வருமான வரி இல்லை. 48 லட்சத்துக்குக் காப்பீடு உண்டு. ஓய்வூதியமும் பணிக்கொடையும் கிடையாது.

நான்கு ஆண்டு முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை நிரந்தரப் படையில் வைத்துக்கொள்வார்கள். அவர்கள் மேலும் குறைந்தது 15 ஆண்டு பணியாற்றலாம். மற்றவர்கள் வீட்டுக்கு. 'என்னை எடுங்கள்' என்று உரிமையாகக் கேட்க முடியாது என்று விதியே சொல்கிறது. டெல்லி உயர் நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் திட்டம் செல்லும் என்றது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஆக, சட்டப்படி அந்த விவாதம் முடிந்துவிட்டது.

அரசின் வாதமும் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. படையின் சராசரி வயதை 32-லிருந்து 26-க்குக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். மலை உச்சியில் காவல் நிற்க இளம் உடம்பு வேண்டும் என்பது நியாயமே. 18 வயதில் சேர்ந்த பையன் 22-ல் சுமார் 11 லட்சத்தோடு வெளியே வருவதும் சின்ன விஷயமில்லை. எங்கள் பக்கத்தில் 22 வயதில் அவ்வளவு சேர்த்து வைத்தவரை விரல்விட்டு எண்ணலாம்.

நான்கில் மூன்று பேர்

இப்போது ஓசூர்க் கணக்குக்கு வருவோம். இங்கே 18 வயதுப் பையன் முன்னால் ஏற்கெனவே ஒரு வரிசை இருக்கிறது. சிப்காட் கேட் முன்னால் நிற்கும் வரிசை. ஐடிஐ, டிப்ளமோ முடித்தவர் அப்ரண்டிஸ் ஆகிறார், பிறகு டிரெய்னி, பிறகு கான்ட்ராக்ட். 'கம்பெனி ரோல்' எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று அப்ரண்டிஸ் சட்டமும் சொல்லவில்லை. 2014 திருத்தத்துக்குப் பிறகு, அது பற்றி நிறுவனமே ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, 'கொஞ்ச வருஷம் உழை, நன்றாகச் செய்தால் சிலரை வைத்துக்கொள்வோம்' என்ற பேச்சு இந்த ஊர்ப் பையனுக்குப் புதிதில்லை. அக்னிபத் அவன் காதில் இன்னொரு கான்ட்ராக்ட் மாதிரிதான் விழுகிறது. வித்தியாசம் என்னவென்றால், இந்த கான்ட்ராக்டில் அவன் பணயம் வைப்பது உயிரை.

அதோடு, 18 முதல் 22 வரை என்பது தொழிற்பேட்டையில் கைத்தொழில் படியும் வயது. அந்த நான்கு வருஷத்தில் பக்கத்து வீட்டுப் பையன் சிஎன்சி மெஷினில் செட்டிங் போடக் கற்றிருப்பான், பெங்களூர் பக்கம் போய் சம்பளத்தையும் ஏற்றியிருப்பான். திரும்பி வரும் அக்னிவீர், அதே கேட்டில் 'ஃபிரெஷரா, அனுபவம் உள்ளவரா?' என்ற கேள்வியைச் சந்திக்க வேண்டும். டிரைவிங், ரேடியோ, வாகனப் பராமரிப்பு, ஸ்டோர்ஸ் என்று ராணுவத்தில் அவர் கற்ற வேலைக்கு இங்கே என்ன மதிப்பு? பெரும்பாலும் செக்யூரிட்டி வேலைதான் முதலில் நீட்டப்படும்.

எதுவுமே ஏற்பாடு இல்லை என்று சொல்ல முடியாது. பத்தாம் வகுப்போடு சேர்ந்தவருக்கு பிளஸ் டூ சமமான சான்றிதழ், இக்னோ பட்டப்படிப்பில் பாதி மதிப்பெண் அளவுக்குப் பயிற்சிக்கே அங்கீகாரம், மத்திய ஆயுதப் படைகளில் 10 சதவீத ஒதுக்கீடு ஆகியவை 2022-லேயே அறிவிக்கப்பட்டன. ஹரியானா காவலர் பணியில் 10 சதவீதம் என்றது, உத்தரப் பிரதேசம் 20 சதவீதம் என்றது. ஆனால் ஹரியானா ஒதுக்கீடு தேன்கனிக்கோட்டைப் பையனுக்கு எதற்கு உதவும்? அறிவிப்புகள் மாநிலத்துக்கு ஒன்றாக, துறைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கின்றன. தனியார் துறைக்கு வந்தால் வேண்டுகோள் மட்டும்தான், கடமை என்று எதுவும் இல்லை.

இதோடு இன்னொன்றையும் வைத்துப் பாருங்கள். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேரும் தொழிலாளிக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை வந்துவிடுகிறது. தொகையாகப் பார்த்தால் சேவா நிதியில் அரசு போடும் பங்கு அதைவிடப் பல மடங்கு பெரிது, மறுக்கவில்லை. இருந்தாலும் தொழிற்சாலை ஒப்பந்தத்துக்குச் சட்டத்தில் எழுதிய உரிமை இருக்கிறது. நாட்டைக் காத்துவிட்டு வந்தவரின் அடுத்த வேலைக்கு இருப்பவை அறிவிப்புகள்.

எல்லையோரச் சிக்கல்

ஆள்சேர்ப்பு மாவட்ட வாரியாக நடக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் கோவை ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறது. ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கி.மீ., கோவை 300 கி.மீ.க்கு மேல். அத்திப்பள்ளிப் பையன் பக்கத்து நகரத்துக்குப் போய்வர, ஜூஜூவாடிப் பையன் சேலம் தாண்டிப் போக வேண்டும். மாநில எல்லை என்றால் அப்படித்தான் இருக்கும். குறைந்தபட்சம் இருப்பிடச் சான்றிதழையாவது முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்பா பெங்களூரில், வீடு ஓசூரில், பள்ளி ஆனேக்கலில் என்று இருக்கும் குடும்பங்களில் கடைசி நேரத்தில் மாட்டுவது இந்தச் சான்றிதழ்தான்.

நல்ல மாற்றமும் ஒன்று உண்டு. 2023 முதல் முதலில் ஆன்லைன் பொது நுழைவுத் தேர்வு, பிறகுதான் ஓட்டமும் உடல் தகுதியும். 2025 முதல் அந்தத் தேர்வைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். மூன்று மொழியும் புழங்கும் நம்ம ஊருக்கு இது பெரிய உதவி. 'உள்ளே ஆள் இருக்கு, காசு கொடுத்தால் போதும்' என்று வரும் புரோக்கரை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

என்ன செய்யலாம்?

கட்டாயப் பதிவு வேண்டும் என்று கேட்பவர்கள் அவ்வப்போது வருவார்கள். 'பசங்களுக்கு ஒழுக்கம் வரும்' என்பார்கள். ஒழுக்கத்துக்கு ராணுவம் டியூஷன் சென்டர் இல்லை. விருப்பப்பட்டு வருபவர்களே இவ்வளவு பேர் இருக்கும்போது, விருப்பமில்லாதவரை இழுக்க ஒரு காரணமும் இல்லை.

வேண்டியது, வந்தவருக்குத் திரும்பக் கொடுக்கும் கடமை. அக்னிவீராகப் போகும் நாளிலேயே, நான்கு ஆண்டு கழித்து எந்த மத்திய, மாநிலப் பணியில் எத்தனை சதவீதம் தனக்கு என்பது அவர் கையில் எழுத்தாக இருக்க வேண்டும். ராணுவத்தில் கற்ற தொழிலுக்கு ஐடிஐ-க்கு இணையான சான்று வேண்டும். ஓசூர் நிறுவனங்களின் எச்ஆர் பிரிவு 'நான்கு ஆண்டு அனுபவம்' என்று அதைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். வேலையை விட்டுப் படைக்குப் போனவருக்கு அந்த வேலை காத்திருக்க வேண்டும். கட்டாயப்படுத்தும் நாடுகளே இதைச் செய்கின்றன. விருப்பத்தை மட்டும் நம்பி நிற்கும் நாடு இதை இன்னும் அதிகமாகச் செய்ய வேண்டும்.

2022 டிசம்பர், 2023 ஜனவரி வாக்கில் பயிற்சியில் சேர்ந்த முதல் அணியின் நான்கு ஆண்டு 2026 இறுதி, 2027 தொடக்கத்தோடு நிறைகிறது. பெட்டியோடு ஊர் திரும்புகிறவர்களுக்குப் பேருந்து நிலையத்தில் மாலை போட ஆள் இருப்பார்கள். மறுநாள் காலை அவர்கள் பயோடேட்டாவோடு வந்து நிற்கும் கேட்டில் என்ன பதில் கிடைக்கிறது என்பதைப் பார்த்துத்தான், அடுத்த பதினேழரை வயதுப் பையன் சேரலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பான்.