பள்ளி நூலகத்தில் என்ன இருக்கிறது?

ஒரு பள்ளியில் நூலகம் இருக்கிறதா, அதில் எத்தனை புத்தகங்கள் உள்ளன என்ற விவரங்கள் மத்திய அரசிடம் உண்டு. சுமார் 14.7 லட்சம் பள்ளிகளிலிருந்து கல்வி அமைச்சகம் ஆண்டுதோறும் திரட்டும் "யுடைஸ் பிளஸ்" புள்ளிவிவரத்தில் இவை இடம்பெறுகின்றன. ஆனால், அவை என்னென்ன புத்தகங்கள் என்பதை அப்புள்ளிவிவரம் சொல்வதில்லை.

ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ்கள், பருவ இதழ்கள், கதைப் புத்தகங்கள் உள்பட அனைத்துப் பாடங்களுக்குமான நூல்கள் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். 2018-இல் தொடங்கப்பட்ட "சமக்ர சிக்ஷா" திட்டத்தின் கீழ், பள்ளியின் நிலைக்கேற்ப ரூ. 5,000 முதல் ரூ. 20,000 வரை ஆண்டு நூலக மானியம் வழங்க வகை செய்யப்பட்டது. மக்கள் வரிப் பணத்தில் வாங்கப்படும் நூல்களின் பெயரை அறிய மக்களுக்கு உரிமை இல்லையா?

அரசு அமைப்புகள் யாரும் கேட்காமலேயே தாமாக முன்வந்து தகவல்களை வெளியிட வேண்டும் என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு. பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மானியம் எவ்வாறு செலவிடப்படுகிறது என்பதைக் கண்காணிப்பது அவர்களது சட்டபூர்வக் கடமை. வாங்கிய நூல்களின் பட்டியலே கையில் இல்லாதபோது எதைக் கண்காணிப்பது?

பட்டியலை வெளியிட்டால், பிடிக்காத புத்தகத்தை அகற்றச் சொல்லிச் சிலர் நெருக்கடி தருவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால், பட்டியல் இல்லாத இடத்தில்தான் ஒரு புத்தகத்தை ஓசையின்றி அகற்றிவிட முடியும். எனவே, நீக்கப்படும் நூலின் பெயர், நீக்கியதற்கான காரணம், முடிவெடுத்தவர் யார் என்பதும் பட்டியலில் பதிவாக வேண்டும்.

இதனால் ஆசிரியர்களுக்குப் புதிய சுமை ஏற்படும் என்று சொல்வதற்கில்லை. புத்தகம் வாங்கும்போதே அதன் பெயர், ஆசிரியர், விலை ஆகியவற்றை இருப்புப் பதிவேட்டில் எழுதுவது வழக்கம்தான். அதன் நகல் ஒன்றைப் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் கல்வித் துறையின் இணையதளத்திலும் வெளியிட்டாலே போதும்.

ஒரே தலைப்பில் நூறு பிரதிகள் வாங்கிக் கணக்குக் காட்டினாலும், வாசிக்கும் வயதுக்குப் பொருந்தாத நூல்களை வாங்கிக் குவித்தாலும் அப்போது தெரிந்துவிடும். தங்கள் பள்ளியில் என்ன புத்தகம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் மாணவர்களும் அதைக் கேட்டு வாங்கிப் படிப்பார்கள். புத்தகங்களின் எண்ணிக்கையைக் கேட்கும் கல்வி அமைச்சகம், இனி அவற்றின் பெயரையும் கேட்கட்டும்.