குடிப்போரை எண்ணி விதி வகுக்க வேண்டும்

வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்த ஓட்டப்பிடாரமும் அதைச் சூழ்ந்த கரிசற் கிராமங்களும் மழையை நம்பிப் பயிரிடும் பூமியாதலாலும், கிணற்றிலும் ஆழ்குழாயிலும் ஊறுவது பல இடங்களில் உவர்நீரே ஆதலாலும், குடிப்பதற்குரிய ஜலம் அங்கே பெரும்பாலும் வெளியிலிருந்தே வரவேண்டியிருக்கிறது. தூத்துக்குடி நகரத்தின் தாகத்தை, நகரசபைத் தலைவராயிருந்த ராவ்பகதூர் குரூஸ் பர்னாந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் குழாய் வழியே கொணர்ந்து தணித்தார். கிராமங்களுக்கோ, 1971-இல் அமைந்த குடிநீர் வடிகால் வாரியத்தின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வெகுகாலம் கழித்தே வந்தன. அந்தக் குழாயும் வறண்ட நாட்களில் ஜனங்கள் மினிலாரித் தண்ணீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்குகிறார்கள். வசதியுள்ளவர்கள் கேன் வாங்குகிறார்கள்.

ஒரே தெருவில் புழங்கும் இம்மூன்று நீரையும் சட்டம் மூன்று விதமாகப் பார்க்கிறது. கேன் நீர் உணவுப் பண்டமாதலின், 2001 முதல் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை அதற்குக் கட்டாயமாயிருந்தது. 2024-இல் அக்கட்டாயம் விலக்கப்பட்ட பின்னும், உணவுப் பாதுகாப்பு உரிமமின்றி அதை விற்கலாகாது. குழாய் நீருக்கு ஐ.எஸ். 10500 என்னும் தரம் உண்டு. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீராதாரம் இல்லாவிடில் 2000 வரை பொறுக்கலாம், நைட்ரேட் மாத்திரம் எந்நிலையிலும் 45-ஐத் தாண்டலாகாது என்று அது வரையறுக்கிறது; எனினும் அது வழிகாட்டியேயன்றிக் கட்டாயச் சட்டமன்று. மினிலாரி நீரைப் பற்றியோ, அது எந்தக் கிணற்று நீர், தொட்டியைக் கழுவியது என்றைக்கு என்று வாங்குவோர் கேட்டால் காட்டுவதற்கு ஓர் ஏடும் இருப்பதில்லை.

பாத்திரத்தைப் பார்த்து நீரை வகைப்படுத்துவது நியாயமன்று என்பதே என் அபிப்பிராயம். அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 15 இணைப்புகளுக்கோ, ஆண்டில் 60 நாளேனும் 25 பேருக்கோ குழாய் நீர் வழங்கும் எந்த அமைப்பும், அது யாருடைய உடைமையாயினும், பொது நீர் வழங்கலாகும். அதிலும், ஆண்டு முழுதும் குடியிருப்போர் பருகுவது, பள்ளியிலும் ஆலையிலும் அதே மனிதர் ஆறு மாதத்துக்கு மேல் பருகுவது, வழிப்போக்கர் பருகுவது என்று பிரித்து, அதற்கேற்பப் பரீட்சைகளை விதிக்கிறார்கள். ஃபுளோரைடு போன்றவை பல்லாண்டு பருகுவோரின் பல்லையும் எலும்பையும் கெடுப்பவையாதலால் வழிப்போக்கர் நீருக்கு அத்தகைய சோதனைகளிற் பெரும்பாலானவை வேண்டாதவையாகின்றன. கிருமியும், பச்சிளங் குழந்தைகளை விரைவிற் பாதிக்கும் நைட்ரேட்டும் அப்படியல்ல என்பதால், அவ்விரண்டின் சோதனையிலிருந்து எந்த வகைக்கும் விலக்கில்லை. அந்நாட்டிலும் 2014-இல் ஃபிளின்ட் நகரத்தார் ஈயம் கலந்த நீரால் துன்புற்றதை நான் மறக்கவில்லை. விதி இருந்தும் காவாதவர்கள் செய்த பிழை அது.

நாள்தோறும் அதே தெருவினருக்கு நீர் ஊற்றும் மினிலாரி, இந்த நியாயத்தின்படி பொது நீர் வழங்கலே. ஆனால் நகரத்துக்குரிய சோதனைச் செலவை அதன் மீதோ சிற்றூராட்சி மீதோ சுமத்தினால் வண்டி நின்றுபோகும், தாகம் நிற்காது. ஆகவே லாரிகள் நிரப்பும் கிணறுகளைப் பதிவு செய்து, நீரை அரசே தன் செலவில் சோதித்து, முடிவைத் தொட்டியின் மீது யாவரும் படிக்கத் தமிழில் எழுதச் செய்யுமாறு மாவட்ட நிர்வாகத்தை வேண்டுகிறேன்.