கௌரவம் மட்டும் போதுமா?

தாம்பரம் வட்டாரத்துச் சங்கங்களின் பேரவைக் கூட்டங்களில், வரவு செலவுக் கணக்கு நிறைவேறிய பின்னர் அங்கத்தினர்கள் ஊர்க் குறைகளைப் பேசிக்கொள்வதை நாம் கேட்பதுண்டு. அண்மையில் அத்தகைய கூட்டமொன்றில் தெருநாய்களைப் பற்றிய பேச்சு எழுந்தது. விடியுமுன் பால் கொண்டு செல்லும் உழவரும், இரவில் தறியை விட்டு எழுந்து வீடு திரும்பும் நெசவாளரும் படும் அச்சத்தை ஒருவர் எடுத்துரைத்தார். முடிவில் பெரியவர் ஒருவர், "விலங்கு நல அலுவலர் என்று ஒருவர் உண்டாமே, ஐயா! அவருக்குச் சம்பளம் எவ்வளவு?" என்று வினவினார்.

அப்பெயர் தாங்கியவர்களில் பலருக்குச் சம்பளமே கிடையாது என்பதுதான் விடை.

இத்துறைக்கும் தென்சென்னைக்கும் நெருங்கிய உறவு உண்டு. ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் 1950-களில் மாநிலங்களவையில் கொணர்ந்த மசோதாவே, 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்திற்கு வழிகோலியது. அச்சட்டப்படி 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. 2018-இல் அரியானாவுக்கு மாற்றப்படும் வரையில் வாரியத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது. அவ்வாரியம் கௌரவ விலங்கு நல அலுவலர்களை நியமித்து வந்தது. அவர்களுக்கு அடையாள அட்டை உண்டு; மாதச் சம்பளம் இல்லை. அரசுக் கால்நடை உதவி மருத்துவருக்கோ தொடக்க அடிப்படைச் சம்பளமே மாதம் 55,000 ரூபாய்க்கு மேல். அது மிகை என்று நாம் கூறவில்லை. கறவை மாடுகளையும் ஆடுகளையும் கவனிக்கவே அவருக்குப் பொழுது போதவில்லை.

வாயில்லா ஜீவன்களுக்குச் செய்யும் தொண்டுக்குக் கூலி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். தொண்டு போற்றத்தக்கதே. ஆயினும், இலண்டனில் 1824-இல் பிராணிவதைத் தடுப்புச் சங்கம் தோன்றிய வரலாற்றை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அதன் முதற் செயலாளர் ஆர்தர் புரூம் என்னும் பாதிரியார், சந்தைகளில் நடக்கும் கொடுமைகளைக் கண்காணிக்கும் ஆய்வாளருக்குத் தம் கைப்பணத்திலிருந்து சம்பளம் கொடுத்தார். சங்கத்தின் கடனுக்காக 1826-இல் அவரே சிறை சென்றார். இரக்கத்தால் தொடங்கும் பணியும் நிலைத்த நிதியின்றி நிலைக்காது என்பதை அன்றே உலகம் கண்டது.

கூட்டுறவாளர்களுக்கு இது புதிய பாடமன்று. நம் சங்கத் தலைவர் ஊதியம் கருதாது உழைக்கலாம். கணக்கெழுதும் செயலாளருக்குச் சம்பளம் தந்தே தீர வேண்டும். சம்பளம் பெறுபவரிடம்தான் கணக்குக் கேட்க முடியும். தவறு நேர்ந்தால் விளக்கம் கோர முடியும். கூலியைக் குறைத்துவிட்டு ஊடை நெருக்கமாக இருக்கவேண்டும் என்று தறிக்காரரிடம் எவரும் எதிர்பார்ப்பதில்லை. நாய் பிடிப்பவரிடமும் அவ்வாறு எதிர்பார்ப்பது நியாயமன்று.

இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. ஒரு வட்டாரத்து நாய்களில் நூற்றுக்கு 70-க்காவது தடுப்பூசி போட்டால்தான் நோய் பரவாமல் தடுக்கலாம் என்பது வல்லுநர் கருத்து. 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்விக்கும் பொறுப்பு உள்ளாட்சிகளுடையது. தெருத்தெருவாகச் சென்று, பிடித்த நாயை ஏட்டில் பதிந்து, ஆண்டு முழுவதும் தொடர வேண்டிய இவ்வேலை, ஓய்வு நேரத் தொண்டர்களால் மட்டும் முடிவதன்று.

தாம்பரம் மாநகராட்சி 2021-இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து உருவாயிற்று. இத்துணைப் பெரிய பரப்புக்கு, முறையான சம்பளமும் தடுப்பூசிப் பாதுகாப்பும் பெற்ற முழுநேர விலங்கு நல அலுவலர்கள் தேவை. அடுத்த பேரவையில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி மாநகராட்சிக்கு அனுப்புமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம். அதற்கு முன்னர் நம் வீட்டு நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிடுவோம். நம் கடமையைச் செய்துவிட்டுக் கேட்கும் கோரிக்கைக்கே வலிமை மிகுதி.