பத்தியும் பாத்தியும்

சென்ற மாதம் வாழப்பாடியில் ஓர் இளைஞர் தாம் எழுதிய சிறுகதையைக் கொண்டுவந்து காட்டினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு பத்தி. "அவன் எழுந்தான்" என்பது ஒரு பத்தி. "ஜன்னலைத் திறந்தான்" என்பது இன்னொரு பத்தி. "ஏன் தம்பி இப்படி?" என்று கேட்டேன். "இந்தக் காலத்தில் யாருக்கு ஐயா பொறுமை இருக்கிறது? பத்தி நீண்டால் வாசகர் தள்ளிவிட்டுப் போய்விடுவார்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் அல்ல, வாசகர்களாகிய உங்களைப் பற்றி அவருக்கு யாரோ புகட்டியிருக்கும் மட்டமான அபிப்பிராயத்தின்மேல்.

இந்தக் கட்சியாருக்கு ஒரு சரித்திர ஆதாரமும் உண்டு. "ஏட்டுச் சுவடியில் பத்தி ஏது? அது வெள்ளைக்காரன் கொடுத்ததுதானே?" என்பார்கள். சுவடியில் பத்தி இல்லைதான். மெய்யெழுத்துக்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் கிடையாது. அதனால் பட்ட பாட்டை உ.வே. சாமிநாதையர் அறிவார். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றுவதற்கு முன், மூலம் எது, உரை எது, மேற்கோள் எது என்று பிரித்தறியவே அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். ஓலையின் நெருக்கடி ஒரு குறை. அதை நம் மரபென்று கொண்டாட வேண்டியதில்லை. உண்மையான மரபு நன்னூலில் இருக்கிறது. ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முன்பே பவணந்தியார், முறைப்பட வைப்பதை நூலின் பத்து அழகுகளில் ஒன்றாகச் சொன்னார்; மற்றொன்று விரித்தலைப் பத்துக் குற்றங்களில் ஒன்றாகச் சேர்த்தார். பத்தி இலக்கணத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இளைஞரின் தகப்பனார் கிணற்றுப் பாசனக்காரர். அவர் கத்தரிக்குத் தண்ணீர் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பாத்தி நிறைகிறவரை நிற்பார். நிறைந்ததும் மண்வெட்டியால் மடையை மாற்றி அடுத்த பாத்திக்கு விடுவார். வரப்பே இல்லாவிட்டால் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும், மேட்டுச் செடி காயும். சாணுக்கொரு வரப்புப் போட்டாலோ செடி வைக்க இடமிராது. பாத்தியின் அளவை நிச்சயிப்பது நிலத்தின் வாட்டமும் தண்ணீரின் வேகமுமே தவிர, வேடிக்கை பார்க்கிறவனின் பொறுமை அல்ல. பத்தியும் அப்படித்தான். ஒரு கருத்து நிறைகிறவரை நில். நிறைந்ததும் மடையை மாற்று.

இது ஏதோ எழுத்தாளர்களின் அழகுப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். என் இருபதாம் வயதில், எங்கள் தெருவில் இருந்த ஒரு விதவைப் பாட்டிக்கு உதவித்தொகை கேட்டு மனு எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம், ஒரே மூச்சு. புருஷன் செத்தது, கூரை ஒழுகுவது, மகன் கைவிட்டது எல்லாம் இருந்தன. "உதவித்தொகை வேண்டும்" என்ற சொற்களும் எங்கோ நடுவில் புதைந்து கிடந்தன. "என்ன வேண்டுமென்றே தெரியவில்லையே" என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். பாட்டிக்கு ஒரு நாள் கூலி போயிற்று. மறுபடி போனபோது, மரத்தடியில் மனு எழுதும் பெரியவர் அதை மூன்று பத்தியாக்கினார்: நான் யார், எனக்கு நேர்ந்தது என்ன, நான் கேட்பது என்ன. அந்த மனுவை வாங்கிக்கொண்டார்கள். என் தமிழைப் பாட்டி குறை சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அன்று நான் வரப்பே போடவில்லை. இன்று இந்தத் தம்பி சாணுக்கொன்று போடுகிறார். நோய் ஒன்றுதான். எந்த வாக்கியம் எதற்காக வந்தது என்று யோசிக்கும் சிரமத்தை இருவருமே வாசகர் தலையில் கட்டிவிட்டோம். ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியே நிறுத்திவிட்டால் "ஆனால்" என்றோ "ஆகையால்" என்றோ சொல்லும் பொறுப்பு நமக்கு இல்லாமற் போகிறது. தனி வாக்கியம் பத்தியாகவே கூடாதென்று நான் சொல்லவில்லை. இடியைப்போல் எப்போதாவது விழட்டும்; நாளெல்லாம் இடித்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

"வாக்கியங்களைச் சேர்த்து எழுதிக்கொண்டு வா, தம்பி" என்று சொல்லி அனுப்பினேன். நான்கு நாள் கழித்து வந்தார். "ஐயா, பதினொரு வாக்கியம் எந்தப் பத்தியிலும் சேர மாட்டேன் என்கிறது" என்றார். அவற்றை என்ன செய்வதென்று நான் சொல்லவில்லை, அவரே அடித்துவிட்டிருந்தார்.