குப்பையில் மின்சாரம், புகையில் என்ன?

நெகிரி செம்பிலான், போர்ட்டிக்சன் வட்டாரத்தின் தானா மேரா தோட்டப் பகுதியில் வீட்டுக் குப்பையை எரித்து மின்சாரம் தயாரிக்கும் நிலையம் அமைந்துள்ளது. நாளொன்றுக்குச் சுமார் 1,000 டன் குப்பையை எரிக்கும் வகையில் அது உருவாக்கப்பட்டது. குப்பைமேட்டில் அழுகி, மழைநீரோடு ஆற்றில் கலப்பதைவிட இது மேலானதே. எனினும், புகைபோக்கியிலிருந்து என்ன வெளியேறுகிறது என்று அருகிலுள்ள தோட்ட மக்கள் கேட்பதில் தவறில்லை.

இத்தகைய அச்சம் புதிதன்று. சிலாங்கூர், நெகிரி செம்பிலான் எல்லையிலுள்ள புரோகாவில் நாளொன்றுக்கு 1,500 டன் குப்பையை எரிக்கும் உலை திட்டமிடப்பட்டபோது, மக்கள் நீதிமன்றம் வரை சென்றனர். 2007ஆம் ஆண்டு அத்திட்டம் கைவிடப்பட்டது.

அஞ்சப்படும் நஞ்சின் பெயர் டையாக்சின். குளோரின் கலந்த நெகிழி அரைகுறையாக எரியும்போது அது உருவாகிறது. புகையை 850 பாகை செல்சியஸுக்குக் குறையாத வெப்பத்தில் இரண்டு வினாடியாவது வைத்திருந்தால் டையாக்சின் சிதையும். ஆனால், புகை மெல்லக் குளிர்ந்தால் மீண்டும் உருவாகும். ஆகவே, அதை விரைவாகக் குளிர்வித்து, சுண்ணாம்பு, கரித்தூள், துணி வடிகட்டி ஆகியவற்றின் வழியே செலுத்துகின்றனர். மலேசியாவின் 2014ஆம் ஆண்டுத் தூய காற்று விதிகளின்படி, ஒரு கன மீட்டர் புகையில் 0.1 நானோகிராம் டையாக்சினே இருக்கலாம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு!

இது எட்ட முடியாத அளவன்று. ஜப்பான் 1999இல் தனிச் சட்டம் இயற்றி, சில ஆண்டுகளிலேயே டையாக்சின் வெளியேற்றத்தை 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைத்தது. இங்கே குறைவது நம்பிக்கைதான். புகையை அளந்த முடிவுகள் அலுவலகக் கோப்பில் உறங்காமல், தோட்டத்துப் பள்ளியிலும் கோயில் மண்டபத்திலும் தமிழிலும் மலாயிலும் ஒட்டப்பட வேண்டும். அளவு மீறிய நாளில் உலையை நிறுத்த வேண்டும்.

மக்களுக்கும் இதில் பங்குண்டு. மீந்த சோறும் குழம்பும் கலந்த ஈரக் குப்பை உலையின் வெப்பத்தைத் தணித்துவிடும். குப்பையைப் பிரித்துப் போடும் விதி நெகிரி செம்பிலானில் 2015 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ளது. அதைப் பின்பற்றாத வீடுகள் இன்னும் பல. உலையைக் குறைகூறுபவரே மாலையில் வீட்டின் பின்புறம் சருகோடு நெகிழிப்பையையும் கொளுத்துவதுண்டு. அந்தச் சிறு நெருப்புக்கு வடிகட்டி ஏதும் இல்லை. அதன் புகை நேரே பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் நுழைகிறது.